அக்காவுக்குக் கொடுத்த எண்

செப்டம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து மழை. ரயில்வே குவார்ட்டர்ஸ் கூரை சமையற்கட்டுப் பக்கம் ஒழுகல். அண்டா வைத்தாயிற்று. சரோஜா: "கல்யாணம் கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து இதே ஒழுகல்தான். ஆபீசுக்கு ஒரு மனு எழுதினா என்னங்க?" நாளைக்கு எழுத வேண்டும். (மூன்றாம் முறையாக இதையே இங்கே குறிக்கிறேன்.)

நேற்று வந்த கார்டு இன்னும் சட்டைப் பையில். கிள்ளானிலிருந்து பாக்கியம் அக்கா. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"தம்பி, 11329-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டேன். போகவில்லை. மீதி 4329. என் பங்கில் இதுதான் கடைசி. எழுநூற்றுச் சொச்சத்தில் ஒன்றுகூடப் போகவில்லை. உன் பங்கிலும் போகவில்லை என்று நீ எழுதியிருந்தாய். அப்படியானால் நம் எண் உடையாத எண். நிசந்தானே? உன் அத்தானுக்குப் பாயசம் வைத்தேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது."

கடைசி வரியை நாலைந்து தடவை படித்தேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்ததாம்.

செப்டம்பர் 4, செவ்வாய்

வெயில். குட்ஸ் ஷெட்டில் நாள் முழுக்க வேகன் எண் எழுதியே கை வலி. பிழை ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருஷத்தில் வேகன் எண் தப்பாக எழுதினான் என்று என்னை ஒருவரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

மாலை வாசகசாலை (இனி வா.சா.). செயலாளர் செல்லத்துரை வாத்தியாரிடம் கார்டைக் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுப்பவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு தரம் படித்தார். "மெய்யாவே எழுநூறையும் முடிச்சிட்டாவோ? தம்பி, முப்பதாந் தேதி ஆண்டு விழாவுக்கு அக்காவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாரும். முன் வரிசையில இருத்த வேணும்."

தந்தி ஆபீஸ் கனகராஜ் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "வீட்டுல பொம்பளைங்க போட்ட கணக்கு. யாராச்சும் சரிபாத்தாங்களா?" இலக்கங்களைக் கூட்டி, ஒன்பது ஒன்பதாகத் தள்ளி, மீதியைப் பார்த்திருக்கிறோம் என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே.

எண் வந்த கதை மறந்துபோகும், குறித்து வைக்கிறேன். ஜனவரிக் கூட்டம். பெஞ்சில் ஒன்பது பேர். ஆளுக்கு ஓர் இலக்கம் சொல்லச் சொன்னார் வாத்தியார். கடைசி ஆள் மட்டும் இரட்டைப்படையும் ஐந்தும் சொல்லக்கூடாது. 1, 2, 8, 8, 3, 4, 5, 5, 7. ஐந்தாவதாக வந்த 3 நான் சொன்னது. கரும்பலகையில் 128834557. "இதை வேறை ஏதும் எண்ணால மீதியில்லாமல் வகுக்கலாமோ, இல்லாட்டி இது பகா எண்ணோ? உலகத்தில ஒருத்தருக்கும் தெரியாது. ஆண்டு விழாவுக்குள்ள ஆர் சொல்லப் போறியள்?"

உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்றதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எல்லா எண்ணாலும் வகுக்க வேண்டியதில்லை. பகா எண்களால் மட்டும், அதுவும் 11350 வரை போதும். அதற்குமேல் உள்ளதை அதாலேயே பெருக்கினால் நம் எண்ணைத் தாண்டிவிடும். வா.சா. அலமாரியில் இருக்கும் பழைய புத்தகத்தில் பகா எண் பட்டியல் உண்டு. ஐயாயிரம் வரை நான். அதற்கு மேல் அக்கா. அப்படிப் பங்கு.

செப்டம்பர் 6, வியாழன்

பிற்பகல் இடி. பல்வலி. கிராம்பு.

அக்காவுக்கு ஏன் பங்கு கொடுத்தாய் என்று இன்று கனகராஜ் கேட்டான். அவனிடம் சொல்ல முடியாது, இங்கே சொல்லலாம். போன தீபாவளிக்கு முன்வாரம் அக்கா மகள் கோமதி போனாள். நாலே நாள் காய்ச்சல். ஆறு வயது. வேறு பிள்ளை இல்லை. அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள் தை பிறந்தும் எழுந்திருக்கவில்லை. பொங்கலுக்குக் கிள்ளான் போயிருந்தபோது அத்தான் என்னைக் கடை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "மாப்ள, அவளுக்கு எதாச்சும் ஒரு வேலை குடு. கணக்குன்னா அவளுக்கு உசிரு. வாயத் தொறந்து பேசி ரெண்டு மாசம் ஆச்சு" என்றார்.

அப்போதுதான் கொடுத்தேன். ஒரு வாரத்தில் கார்டு வந்தது: "இருபது முடிந்தது. இன்னும் பட்டியல் அனுப்பு." தீபாவளிக்குப் பிறகு அவள் கையெழுத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

செப்டம்பர் 9, ஞாயிறு

கிள்ளான் போய் வந்தேன். மேகமூட்டம், மழையில்லை.

கொண்டு போனது: சரோஜா செய்த அதிரசம், தலைவலித் தைலம். கொண்டு வந்தது: அக்காவின் நோட்டுகள் பதினொன்று. கடையில் சாமான் கட்டும் தாளை அளவாக வெட்டி அத்தானே தைத்துக் கொடுத்தவை. விழாவுக்கு நல்ல தாளில் பிரதி எடுக்க வேண்டும் என்று வாத்தியார் கேட்டிருந்தார்.

அக்கா வாசலுக்கு வந்து நின்றாள். தலை சீவிப் பூ வைத்திருந்தாள். மீன் குழம்பு. பேசிக்கொண்டே இருந்தாள். நீலச் சேலையா மாம்பழ நிறமா? முன் வரிசையில் உட்கார்ந்தால் ஏதாவது பேசச் சொல்வார்களா? "எனக்கு வாய் வராது தம்பி. யாராச்சும் கேட்டா, போகலன்னு மட்டும் சொல்றேன்."

திரும்பி வரும் ரயிலில், பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும், முதல் நோட்டைப் பிரித்தேன். அட்டையின் உட்புறம் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய சீட்டு. என் கையெழுத்து. 128384557.

விரல் வைத்து ஒவ்வோர் இலக்கமாகப் படித்தேன். 1, 2, 8, 3. என் 3 ஓரிடம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. ஐந்தாவதாக வர வேண்டியது நாலாவதாக. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாம் அதே 128384557.

சீட்டின் கீழே நானே எழுதியிருந்தேன்: "ஒன்பது தள்ளினால் மீதி 7. சரிபார்த்துக்கொள்." அதற்குப் பக்கத்தில் அக்கா: "பார்த்தேன். 7. சரி."

இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. ஒன்பது தள்ளினால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. மூன்றாம் வகுப்பில் படித்தது. பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை நோட்டு மடியிலேயே இருந்தது. இறங்கும்போது குடையை மறந்து ரயிலிலேயே விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 10, திங்கள்

வேலையில் மனம் இல்லை. மதியம், தேயிலைப் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையில் உட்கார்ந்து அக்காவின் எண்ணை எடுத்து, சும்மா, சின்ன எண்ணிலிருந்து வகுத்தேன். 3 போகவில்லை. 7 போனது.

மீதியில்லை. ஈவு 18340651. அதையும் ஏழால். போனது. 2620093. இன்னொரு தரம். அதுவும் போனது. 374299.

மூன்று முறை ஏழால் உடையும் எண்ணை வைத்துக்கொண்டு அக்கா ஏழரை மாதம் வகுத்திருக்கிறாள். 5003-இல் ஆரம்பித்து 11329 வரை. ஏழை அவள் தொடவே இல்லை. தொட அவசியமில்லை. ஏழு என் பங்கு. நான் பார்த்தாகிவிட்டது, போகவில்லை என்று எழுதியிருந்தேன். உண்மைதான். என் எண்ணுக்கு மீதி 5.

கோப்பி குடிக்கவில்லை.

செப்டம்பர் 11, செவ்வாய்

சொல்லாமல் இருக்க நான் கண்டுபிடித்த காரணங்கள்:
1. விழா முடியட்டும்.
2. அக்கா ரயிலேறி வருவதே வருஷத்துக்கு ஒரு தடவை.
3. அவளுக்குத் தெரியவே போவதில்லை.
4. யாருக்குமே தெரியவே போவதில்லை.

நாலாவதை எழுதும்போதே கை கூசியது.

எப்படி எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். கிள்ளான் ஸ்டேஷன் பெஞ்சு. சரக்கு லேபிளின் பின்பக்கம், முழங்கால் மேல் வைத்து. வழியனுப்ப வந்த அத்தான் கையில் கொடுத்தேன். அவசரம் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அவசரமில்லை. ரயில் வர இருபது நிமிஷம் இருந்தது. கையில் கடலைப் பொட்டலம். ஒரு கையால் கடலை தின்றுகொண்டே எழுதினேன். திருப்பிப் பார்க்கவில்லை. வேகன் எண் என்றால் இரண்டு தரம் பார்ப்பேன், தவறினால் துரை கேட்பார். அக்காவுக்கு எழுதிக் கொடுத்ததை யார் கேட்பார்கள்? நாலு நாள் வகுத்துவிட்டுப் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அழுகிற குழந்தை கையில் கிலுகிலுப்பை கொடுக்கிற மாதிரிதான் கொடுத்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சின்ன எண்களை நான் எடுத்துக்கொண்டது அவளுக்குச் சிரமம் கொடுக்க அல்ல. உடைந்தால் சின்னதில்தான் உடையும், வா.சா.வில் பேர் எனக்கு வரட்டும் என்பதற்காக.

செப்டம்பர் 13, வியாழன்

மழை, மதியம் மூன்று மணி முதல். ஒழுகலுக்கு இரண்டாவது பாத்திரம்.

செவ்வாய் மதியத்திலிருந்து அக்காவின் பங்கை நானே சரியான எண்ணுக்குப் பார்க்கிறேன். 5003, 5009, 5011, 5021, 5023... ஒரு சாப்பாட்டு நேரத்துக்கு நாலைந்துதான் முடிகிறது. முப்பதாம் தேதிக்குள் எழுநூறு ஆகாது என்று தெரியும். சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ஐயாயிரத்துச் சொச்சத்தால் வகுப்பது ஆளைக் கொல்லுகிற வேலை. ஓர் இலக்கம் பிசகினால் முதலிலிருந்து. அக்கா இதைச் சமைத்து, துவைத்து, கடைக்கு மிளகாய் இடித்துக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் செய்திருக்கிறாள்.

சரோஜா கண்டுபிடித்துவிட்டாள். சாப்பாட்டுக் கூடை அப்படியே திரும்பி வந்ததாம். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "உங்க அக்காகிட்ட போயி சொல்லுங்க. எனக்கு இப்படிச் செஞ்சிருந்தா நான் உங்ககூடப் பேசவே மாட்டேன். ஆனா சொல்லுங்க" என்றாள்.

செப்டம்பர் 15, சனி

5147 போனது.

பதினேழாவது எண். மதியம் பன்னிரண்டரை. நம்பாமல் நாலு தடவை செய்தேன், கடைசியில் பெருக்கிப் பார்த்தேன். 5147 × 25031 = 128834557. பலகையில் இருக்கும் எண் உடைந்துவிட்டது. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாதது எனக்குத் தெரிகிறது. சந்தோஷம் வரும் என்றுதான் ஜனவரியில் நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அக்காவின் முதல் நோட்டைப் பார்த்தேன். மூன்றாம் பக்கம். "5147 — ஈவு 24943 — மீதி 2936." பக்கத்தில் தேதி. தை மாதம், தொடங்கிய ஆறாவது நாள். கணக்கில் துளி பிசகில்லை. நான் சரியாக எழுதிக் கொடுத்திருந்தால் அந்த ஆறாவது நாளில், அந்த இடத்தில், அவள் மீதியில்லை என்று எழுதியிருப்பாள். கண்டுபிடித்தவள் அவளாக இருந்திருப்பாள். கோமதி போன பிறகு அவளுக்கு வந்த முதல் நல்ல நாளாக இருந்திருக்கும்.

அதை நான் தின்றுவிட்டேன். கடலையோடு.

செப்டம்பர் 18, செவ்வாய்

ஞாயிறன்று கிள்ளான் போகவில்லை. ஜுரம் என்று கார்டு போட்டேன். ஜுரம் இல்லை.

இன்று அத்தானே குட்ஸ் ஷெட்டுக்கு வந்துவிட்டார். கடைக்குப் பருப்பு மூட்டை வந்திருந்தது, அதை எடுக்க. "ஜுரம் எப்படி இருக்கு மாப்ள? உங்க அக்கா மிளகு ரசப் பொடி குடுத்தா." பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே நின்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஏழு போனதையும் சொன்னேன். 5147-ஐச் சொல்லவில்லை.

அவருக்குக் கணக்குப் புரியவில்லை. தப்பு என்பது புரிந்தது. "எல்லாமேவா?" என்றார். எல்லாமேதான் என்றேன். மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அவகிட்டச் சொல்லாத மாப்ள. கையெடுத்துக் கும்புடுறேன். இப்பத்தான் சோறு உங்குறா. பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கூப்புட்டுத் தல பின்னி விடுறா. உடையலன்னே இருந்துட்டுப் போவட்டும். யாருக்கு என்ன நட்டம்?"

யாருக்கும் நட்டமில்லை. வாத்தியார் பகா எண் என்று பலகையில் எழுதுவார், எல்லோரும் கை தட்டுவார்கள், அக்கா மாம்பழ நிறச் சேலையில் முன் வரிசையில் இருப்பாள். நான் வாயை மூடிக்கொண்டால் போதும். சரி அத்தான் என்றும் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 21, வெள்ளி

சரி என்று சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. அக்கா முன் வரிசையில் உட்கார்ந்து, யாரோ கேட்க, "போகல" என்று சொல்வாள். அவள் வாயால் ஒரு பொய்யைச் சபை நடுவே சொல்ல வைக்கப் போகிறேன். அவள் வாழ்க்கையில் கணக்கில் பொய் சொன்னதில்லை. ஊர்ப் பள்ளியில் நான் அவள் சிலேட்டைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டபோதுகூட, வாத்தியார் கேட்டதும் நிஜத்தைச் சொல்லி எனக்கு அடி வாங்கித் தந்தவள்.

ஞாயிறு போகிறேன். மனு எழுதியாயிற்று, கூரைக்கு.

செப்டம்பர் 23, ஞாயிறு

எட்டு மணி வண்டி. வெயில் கொளுத்தல்.

அக்கா ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். உட்காரவில்லை நான். "அக்கா, நான் எழுதிக் குடுத்த எண்ணு தப்பு" என்றேன். எந்த எண்ணு என்றாள். சொன்னேன். அத்தான் உள்ளேயிருந்து வந்தவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

அவள் சிலேட்டை எடுத்து இரண்டு எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தாள். "நாலு லட்சத்து அம்பதாயிரம். இதுவும் ஒம்பதால போகும். அதான் தள்ளிப் பாத்தப்ப தெரியல." எனக்கு ஒரு ரயில் பயணம் முழுக்கத் தேவைப்பட்டது அவளுக்கு ஒரு நிமிஷம் ஆனது. பிறகு, "அப்ப என் எண்ணு?" என்று கேட்டுக்கொண்டே ஏழால் வகுத்தாள். போனது. இன்னொரு தரம். இன்னொரு தரம். பல்பத்தைக் கீழே வைத்தாள்.

"மூணு தடவ" என்றாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எங்க வச்சு எழுதின?"

"ஸ்டேஷன்ல."

"வண்டி வந்துருச்சா?"

"இல்ல. இருபது நிமிஷம் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் தம்பி?"

பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "நீ செய்யமாட்டேன்னு நெனச்சேன் அக்கா. சும்மா குடுத்தேன்."

அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். துணி துவைக்கிற சத்தம் கேட்டது. காலையில் துவைத்துக் காயப்போட்டிருந்த துணியையே எடுத்து மறுபடி துவைத்தாள் என்று பிறகு அத்தான் சொன்னார். சோறு போட்டது அத்தான். "சொல்லாதன்னு சொன்னேனே மாப்ள" என்று மட்டும் சொன்னார். முதல் கவளம் கையில் இருக்கும்போது அக்கா ஈரக் கையோடு வந்து நின்றாள். அழுதிருந்தாள்.

"சரியான எண்ணச் சொல்லு. எழுதித் தராத. வாயால சொல்லு."

ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். பின்னாலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். நடுவிலிருந்து கேட்டாள். நாலாவது என்ன, ஐந்தாவது என்ன. எட்டு, மூணு என்றேன்.

"5003-லேருந்து திரும்பப் பாக்கணும்" என்றேன். அங்கிருந்து பதினேழாவது எண்ணில் அவளுக்குக் கிடைத்துவிடும், ஒரு வாரம்கூட ஆகாது, அவளே கண்டுபிடித்ததாக இருக்கும். வழியெல்லாம் அதைத்தான் திட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

"இல்ல. ரெண்டுலேருந்து."

"ஐயாயிரம் வரைக்கும் நான் பாத்துட்டேன் அக்கா. அது சரியா இருக்கு. சரியான எண்ணுக்குத்தான் பாத்தேன்."

"உன் பங்கையும் நானே பாத்துக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

சட்டைப் பையில் 5147 × 25031 எழுதிய தாள் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும். முடிந்த பிறகு அவள் எந்தச் சுவரைப் பார்த்து உட்காருவாள் என்று யோசித்தேன். எடுக்கவில்லை. அது அவளுக்காகவா, எனக்குத் தைரியம் இல்லாமல் போனதாலா, இன்னும் தெரியவில்லை.

செப்டம்பர் 25, செவ்வாய்

வா.சா. வாத்தியாரைத் தனியாகப் பார்த்தேன். எல்லாம் சொன்னேன், 5147 உட்பட. அவர் பலகைக்குப் போய்ச் சாக்பீஸால் பெருக்கினார். சரியாக வந்தது. முகம் மலர்ந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"அவவுக்குத் தெரியாதோ?"

"தெரியாதுங்க சார். ரெண்டுலேருந்து ஆரம்பிச்சிருக்காங்க."

பெருக்கலை உள்ளங்கையால் அழித்தார். எண்ணை மட்டும் விட்டுவைத்தார். "அப்ப எனக்கும் தெரியாது. அடுத்த வருஷம் வரைக்கும் பலகையில கிடக்கட்டும்." கை கழுவப் போனவர் திரும்பி வந்து, "ஆனா தம்பி, நீர் செய்தது சரியெண்டு நான் சொல்லேல்ல" என்றார். கனகராஜ் இந்த எண்ணைத் தொடாமலிருக்க அவனுக்கு வேறு ஏதாவது கணக்குக் கொடுத்து வைப்பதாகவும் சொன்னார்.

செப்டம்பர் 30, ஞாயிறு

ஆண்டு விழா. தூறல். நாற்பது பேர் இருக்கும். வடை, கோப்பி. அக்கா வரவில்லை. வரமாட்டாள் என்று தெரிந்தும் ஒவ்வொரு வண்டி நேரத்துக்கும் வாசலைப் பார்த்தேன்.

என் முறை வந்ததும் எழுந்து சொன்னேன்: எண்ணைத் தவறாக எழுதிக் கொடுத்தது நான், அக்காவின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை, அவர் மறுபடி ஆரம்பித்திருக்கிறார். பேசிக்கொண்டிருக்கையிலேயே காது சூடாகிவிட்டது. பின்னாலிருந்து கனகராஜ்: "வேகன் நம்பரெல்லாம் சரியாத்தான் எழுதுறாரா பாருங்கப்பா!" சிரிப்பு. பட வேண்டியதுதான். ஆனால் பிழையைச் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதி கொஞ்சமும் வரவில்லை. பாதியைத்தானே சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் சரோஜா, "முழுசாச் சொல்லித் தொலைங்களேன்" என்றாள். பாதி வடை மிச்சம், அவளுக்குக் கொடுத்தேன்.

அக்டோபர் 7, ஞாயிறு

கிள்ளான். நல்ல வெயில். கூரைக்கு நாளை ஆள் வருகிறானாம்.

என்னைப் பார்ப்பாளா என்று பயந்துகொண்டே போனேன். வா என்றாள். புது நோட்டு, அத்தான் தைத்தது. அட்டையின் உட்புறம் எண், அவள் கையெழுத்தில். 199 வரை முடித்திருந்தாள். உன் நோட்டைக் கொண்டுவந்தாயா என்று கேட்டாள். கொண்டு போயிருந்தேன். தன் மீதிகளைப் போட்டு முடித்த பிறகுதான் என்னுடையதைக் கேட்கிறாள், முன்னால் பார்ப்பதில்லை. நான் வாசிக்க, அவள் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்றரை மணி நேரம். அத்தான் கடையிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"நூத்தித் தொண்ணூத்தேழு?"

"நூத்தி மூணு."

"நூத்தித் தொண்ணூத்தொம்பது?"

"நூத்தி அறுபத்தாறு."

"சரி. இதுவரைக்கும் உன் பங்கு சரியாத்தான் இருக்கு."

இதைச் சொல்லும்போது முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. நாளுக்கு மூன்று என்று வைத்தால் 5147 வர அடுத்த சித்திரை கடைசி ஆகும். மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நோட்டை மூடிவிட்டு, பல்பத்தைக் காதில் செருகிக்கொண்டு, என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"தம்பி, உனக்கு என்ன தோணுது? இது உடையுமா, உடையாதா?"

"தெரியல அக்கா" என்றேன்.